திறந்த மூலமும் பூட்டிய மனையும்

நூலொன்றை மதிப்பிடப் புகுவோர் அதன் காலம், களம், காரணம் ஆகிய மூன்றனையும் முதற்கண் அறிதல் வேண்டும் என்பது தமிழ் இலக்கண நூலார் வகுத்த நெறி. இந்நெறி செய்யுட்கும் இலக்கணத்திற்கும் மட்டும் உரியதன்று. கணினி வல்லுநர் ஒருவர் தம் துறையைப் பற்றி எழுதிய உரைநடைக் கட்டுரைக்கும் இது பொருந்தும். 2007-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அமெரிக்க நிரலர் பிராட் பிட்ஸ்பாட்ரிக் எழுதி வெளியிட்ட ‘சமூக வரைபடம் பற்றிய எண்ணங்கள்’ என்னும் பொருளுடைய கட்டுரை அத்தகைய ஒன்று. டேவிட் ரெகார்டன் என்பாரும் அதற்குத் துணை நின்றார். அளவிற் சிறியது; நடையில் எளியது; பெரும்பகுதி குறிப்புகளாகவே அமைந்தது. ஆயினும், சமூக வலைத்தளங்கள் என்னும் புதிய கூடங்களில் மக்கள் கொள்ளும் நட்புறவு யாருடைய உடைமை என்னும் வினாவை நேருக்கு நேர் எழுப்பிய எழுத்துகளுள் அதற்குத் தனியிடம் உண்டு.

அவ்வினா தமிழாசிரியர்க்கு அயலானதன்று. பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கம், ஆசிரியர் குழு, வாசகர் வட்டம் எனப் பலவும் இன்று தம் உறுப்பினர் வரிசையைத் தனியார் நிறுவனம் ஒன்றின் தளத்திலேயே வைத்திருக்கின்றன. சங்கத்தின் பெயரேடு முன்பு செயலாளரின் அலமாரியில் இருந்தது. திறவுகோல் அவர் இடுப்பில் இருந்தது. இன்று அவ்வேடு எங்குள்ளது? திறவுகோல் யார் கையில் உள்ளது? இக்கேள்விகளுக்கு விடை தேடுவோர்க்கு அக்கட்டுரை நல்லதொரு தொடக்கம். ஆனால் அதுவே முடிவாகாது. ஏன் ஆகாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

ஆசிரியரும் களமும்

பிட்ஸ்பாட்ரிக் சமூக வலைத்தளங்களைப் புறத்தே நின்று நோக்கியவர் அல்லர். அவற்றை ஆக்கியவருள் ஒருவர். 1999-ஆம் ஆண்டில், இளம்பருவத்திலேயே, தம் அன்றாட நிகழ்ச்சிகளை நண்பர்கட்கு அறிவிக்கும் பொருட்டு லைவ்ஜர்னல் என்னும் நாட்குறிப்புத் தளத்தைத் தொடங்கினார். ஒருவர் எழுதியதை நண்பர் படிப்பதும், அதன்கீழ் மறுமொழி இடுவதும், நண்பர்க்கு மட்டும் என்று வரையறுத்து எழுதுவதும், 2004-இல் முகநூல் தோன்றுவதற்கு முன்னரே அங்கு வழக்கில் இருந்தன.

அத்தளத்தை இயக்கிய நிரலை அவர் மறைத்து வைக்கவில்லை. திறந்த மூலமாக வெளியிட்டார். திறந்த மூலம் என்பது யாது? மாணவன் ஒருவன் கணக்கின் விடையை மட்டும் எழுதிக் காட்டினால், அதைத் திருத்தவோ பின்பற்றவோ பிறரால் இயலாது. வழிமுறை முழுவதையும் எழுதிக் காட்டினால் எவரும் சரிபார்க்கலாம். பிழை கண்டால் திருத்தலாம். வேறொரு கணக்கிற்கும் அதனையே கையாளலாம். நிரலின் வழிமுறையாகிய மூலத்தை இவ்வாறு எல்லார்க்கும் காட்டி, படிக்கவும் திருத்தவும் பெருக்கவும் இசைவளித்து வெளியிடுவதே திறந்த மூலம். ஓலைச்சுவடியைப் படியெடுத்தால் மூலச்சுவடி தேய்வதில்லை. படி ஒன்று கூடுகிறது. நிரலும் அத்தன்மையது.

லைவ்ஜர்னல் வளர்ந்தபோது எழுந்த இடர்ப்பாடுகளைத் தீர்க்க அவர் ஆக்கிய கருவிகளும் இவ்வழியே பொதுவாயின. 2003-இல் அவர் எழுதிய மெம்கேஷ்டி என்னும் கருவி, அடிக்கடி வேண்டப்படும் தகவலைக் கிடங்கில் ஒவ்வொரு முறையும் தேடாமல், பல கணினிகளின் நினைவகத்தில் எடுத்துவைத்து உடனுக்குடன் வழங்குவது. 2005-இல் அவர் வகுத்த ஓப்பன் ஐடி என்னும் முறை, ஒரு தளத்தில் பெற்ற அடையாளத்தைக் கொண்டே பிற தளங்களிலும் நுழைய வழி செய்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் லைவ்ஜர்னல் சிக்ஸ் அப்பார்ட் என்னும் நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. 2007-இல் அவர் அந்நிறுவனத்தை விட்டுக் கூகுள் நிறுவனத்தில் சேர்ந்தார். கட்டுரை எழுந்தது அத்திருப்பத்தில் என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

காலமும் பொருந்தியிருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் முகநூல் தன் தளத்தைப் பிற நிரலர்களுக்குத் திறந்து, ‘சமூக வரைபடம்’ என்னும் சொல்லை உலகறியச் செய்தது. வரைபடம் என்பது ஈண்டு நிலப்படம் அன்று. மக்களைப் புள்ளிகளாகவும், அவர்தம் தொடர்புகளைக் கோடுகளாகவும் கொண்டு வரையப்படும் வலையே அது. அந்த வலையை வைத்திருப்பவர் யாரோ, அவரே புதிய உலகின் வாயிற்காவலர் என்பதைப் பலர் உணரத் தலைப்பட்ட காலம் அது.

நுதலிய பொருள்

கட்டுரையின் கருத்தைச் சுருங்கக் கூறின் இவ்வாறாகும். புதிய தளம் ஒவ்வொன்றிலும் பெயரைப் பதிந்து, நண்பர் யார் யார் என்று மீண்டும் மீண்டும் அறிவித்து மக்கள் சலித்துப்போயினர். புதிய தளம் அமைக்க விழையும் நிரலர்க்கோ உறவு வலை இன்றித் தொழில் தொடங்க இயலாது. அவ்வலை பெருந்தளங்களின் கையில் உள்ளது. எனவே, உறவு வரைபடத்தை எந்த ஒரு நிறுவனமும் தனியுடைமையாகக் கொள்ளாதவாறு சமுதாயத்தின் பொதுச்சொத்து ஆக்குதல் வேண்டும். அதற்கென இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்றை நிறுவி, திறந்த மூல மென்பொருளைக் கொண்டு, பல தளங்களிலும் பொதுவில் கிடக்கும் உறவுகளைத் திரட்டி இணைத்து, வேண்டுவோர்க்கெல்லாம் வழங்குதல் வேண்டும். ஒரு தளத்தில் ஒரு பெயரிலும் மற்றொன்றில் வேறு பெயரிலும் இருப்பவர் ஒருவரே என்பதை அறியும் வழியும் அதில் அமைதல் வேண்டும். அவ்வாறாயின், புதிய தளத்தில் நுழைவோர்க்கு ‘நும் நண்பர் இத்துணையர் இங்கு உள்ளனர், யாரைச் சேர்க்க விரும்புகின்றீர்?’ என்று அத்தளமே கேட்டு வரவேற்கும்.

இதனுடன் இரண்டு எச்சரிக்கைகளையும் ஆசிரியர் சேர்த்துள்ளார். முதற்கண் பொதுவில் உள்ள உறவுகளை மட்டுமே எடுத்தல் வேண்டும் என்பது ஒன்று. ஒரு தளத்தின் நண்பர் வரிசையை மற்றொரு தளத்தில் தானாகவே ஏற்றுதல் கூடாது. நட்பில் பல வகை உண்டு. ஒவ்வொரு தளத்திற்கும் தனித்த பண்பாடு உண்டு என்பது மற்றொன்று. முகநூலை வீழ்த்துவது தம் நோக்கமன்று என்பதையும் அவர் தெளிவுறக் கூறினார். சினமோ ஆரவாரமோ இல்லாத இந்த நிதானமே கட்டுரையின் முதல் அழகு.

கண்டதும் மெய்யே

ஆசிரியர் சுட்டிய நோய் மெய்யானது என்பதைப் பின்வந்த நிகழ்ச்சிகள் காட்டின. 2008-ஆம் ஆண்டு சனவரியில், ராபர்ட் ஸ்கோபிள் என்னும் அமெரிக்கத் தொழில்நுட்ப எழுத்தாளர், தம் நண்பர்களின் பெயர், முகவரி முதலியவற்றை முகநூலிலிருந்து வெளியே எடுக்க ஒரு நிரலை ஓட்டினார். தளம் அவர் கணக்கையே முடக்கியது. பின்னர்த்தான் மீட்டுத் தந்தது. தம் நண்பர் வரிசை தமக்கே உரியது என்று அவர் எண்ணினார். அதற்கு இசையாத காவலர் வாயிலில் நின்றார்.

முடக்கப்படுவதினும் கொடியது மூடப்படுவது. இதற்கு மலேசிய வாசகர் நன்கறிந்த சான்று பிரண்ட்ஸ்டர் தளம். முகநூலுக்கு முன்பே தோன்றி, மலேசியா, பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளில் பெருவழக்காயிருந்த அத்தளத்தை, 2009-ஆம் ஆண்டின் இறுதியில் மலேசியாவின் எம்.ஓ.எல். குளோபல் நிறுவனம் வாங்கியது. 2011-இல் அது விளையாட்டுத் தளமாக உருமாறியது. மக்கள் தம் படங்களையும் எழுத்துகளையும் அவ்வாண்டு மே மாத இறுதிக்குள் எடுத்துக்கொள்ளுமாறு அறிவிக்கப்பட்டது, எஞ்சியவை அழிந்தன. 2015-இல் தளமே நின்றது. கூகுளின் ஆர்க்குட் 2014 செப்டம்பர் 30-ஆம் நாள் மறைந்தது; கூகுள் பிளஸ் பொதுமக்கட்கு 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. படங்களை எடுத்துக்கொண்டோர் பலர். ஆனால் யார் யாரோடு எவ்வாறு இணைந்திருந்தனர் என்னும் வலையை எவரும் தோளில் சுமந்து வர இயலவில்லை. வீட்டை இழந்தோர் சட்டி பானைகளைத் தூக்கிச் செல்லலாம். அண்டை அயலைத் தூக்கிச் செல்ல இயலுமா?

ஆகவே, ஒரு நிறுவனத்தின் ஆயுளோடு ஒரு சமுதாயத்தின் தொடர்பைக் கட்டிவைத்தல் தகாது என்னும் ஆசிரியர் கருத்து முற்றும் ஏற்கத்தக்கது. மாற்றுக் கருத்து எழுவது அவர் தரும் மருந்தில்தான்.

நிரல் திறந்தால் மனை திறக்குமா?

மருந்தின் முதற்கூறு திறந்த மூல மென்பொருள். வரைபடத்தைத் திரட்டும் அமைப்பின் நிரல் எல்லார்க்கும் தெரியுமாயின், அவ்வமைப்பு தனியாதிக்கம் கொள்ளாது என்னும் நம்பிக்கை கட்டுரை முழுவதும் ஊடுருவி நிற்கிறது. இந்நம்பிக்கைக்கு மறுப்பு வேறெங்கும் தேட வேண்டியதில்லை. ஆசிரியரின் சொந்த ஆக்கமாகிய மெம்கேஷ்டியே மறுப்பாக நிற்கிறது.

அக்கருவியை எவரும் கட்டணமின்றி எடுத்தாளலாம். முகநூலும் எடுத்தாண்டது. 2008-ஆம் ஆண்டின் இறுதியில் 800-க்கும் மேற்பட்ட கணினிகளில் அதனை இயக்குவதாக அந்நிறுவனப் பொறியாளர்கள் தெரிவித்தனர். தாங்கள் செய்த திருத்தங்களையும் பொதுவில் வெளியிட்டனர். தளத்தின் அடித்தளமாகிய பி.எச்.பி. நிரல்மொழியும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் திறந்த மூலங்களே. ஆக, உலகிலேயே மிகப் பெரிய பூட்டிய மனை திறந்த செங்கற்களால் கட்டப்பட்டது. செங்கல் செய்யும் முறையை ஊருக்கே கற்றுக்கொடுத்தாலும், அக்கல்லால் எழுந்த வீட்டிற்குள் ஊரார் நுழையும் உரிமை வந்துவிடாது.

இதன் காரணம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. திறந்த மூல உரிமங்களுள் புகழ்பெற்ற பொது உரிமம், மென்பொருளைப் பிறர்க்கு வழங்குவோர் மூலத்தையும் வழங்குதல் வேண்டும் என்று விதிக்கிறது. ஒருவர் அம்மென்பொருளைத் தம் வழங்கியிலேயே வைத்து இயக்கி, அதன் பயனை மட்டும் இணையத்தின் வழி நல்கினால், அவர் மென்பொருளை வழங்கியவர் ஆகார். ஆகவே மூலத்தைக் காட்டும் கடமையும் அவர்க்கு இல்லை. சமூக வலைத்தளங்கள் யாவும் இவ்வாறு வழங்கியில் இயங்குபவையே. இவ்விடைவெளியை அடைக்கும் பொருட்டே கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2007 நவம்பரில், கட்டுரை வெளிவந்த மூன்று திங்களில், அபெரோ பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. வலைவழிப் பயன்படுத்துவோர்க்கும் மூலத்தைத் தருதல் வேண்டும் என்பது அதன் விதி. அவ்வுரிமத்தின் ஆற்றலை 2021-இல் காண முடிந்தது. மாஸ்டோடன் என்னும் திறந்த மூலத் தளத்தின் நிரலைச் சொல்லாமல் எடுத்தாண்ட அமெரிக்கத் தளமாகிய டுரூத் சோசியல், மாஸ்டோடன் தரப்பு எழுதிக் கேட்டபின் தன் மூலத்தை வெளியிட நேர்ந்தது.

அதன்பின்னும் டுரூத் சோசியல் தளத்து உறுப்பினர் வெளித்தளங்களிலுள்ள நண்பரோடு உரையாட முடிந்ததா? இல்லை. நிரலின் மூலம் வெளிவந்தது. மனையின் கதவு திறக்கவில்லை. திறந்த மூலம் தருவது ஆக்குவோரின் உரிமையை. குடியிருப்போரின் உரிமைக்கு வேறு விதி வேண்டும். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாமை கட்டுரையின் முதற்குறை.

இதனால் திறந்த மூலம் பயனற்றது என்று கொள்ளலாகாது. லைவ்ஜர்னலின் கதையே அதற்குச் சான்று. 2007 டிசம்பரில் அத்தளம் சப் என்னும் உருசிய நிறுவனத்தின் கைக்கு மாறியது. தளத்தின் போக்கில் மனநிறைவற்ற முன்னாள் ஊழியர் இருவர், அதன் திறந்த மூலத்தையே எடுத்துத் திருத்தி, 2009-இல் டிரீம்விட்த் என்னும் புதுத்தளத்தைத் தொடங்கினர். பழைய தளத்திலிருந்த தம் எழுத்துகளையும், அவற்றிற்கு வந்த மறுமொழிகளையும் மக்கள் அங்குக் கொண்டு சேர்க்க முடிந்தது. மறுமொழி எழுதியவரின் அடையாளம் பிட்ஸ்பாட்ரிக் வகுத்த ஓப்பன் ஐடி முறையால் காக்கப்பட்டது. நிரல் மூடப்பட்டிருந்தால் இக்குடிபெயர்வு இத்துணை எளிதில் நிகழ்ந்திராது. ஆனால் எழுத்து வந்ததே அன்றி, நண்பர் வரவில்லை. அவர்கள் தாமே மனம் வைத்து நடந்து வர வேண்டியிருந்தது.

கோட்டிற்கு இரு முனை

கட்டுரையின் இரண்டாவது குறையும், அதனினும் பெரிய குறையும் இவ்விடத்தே வெளிப்படுகிறது. வரைபடத்தில் நட்பு ஒரு கோடு. கோட்டிற்கு இரு முனை உண்டு. அக்கோடு நிறுவனத்தின் உடைமையன்று என்பதை ஆசிரியர் வலியுறுத்துகிறார். அப்படியாயின் அது யாருடைய உடைமை? பயன்படுத்துவோனுடையது என்பது அவர் தரும் விடை. பின்னர் அதுவே சமுதாயத்தின் பொதுச்சொத்து என்றாகிறது. அவன் நண்பனுடையதும் ஆகும் என்பது எவ்விடத்தும் அழுத்தமாகக் கூறப்படவில்லை. நிரலைத் திறக்க அதை எழுதினவர் இசைவு போதும்; நட்பைத் திறக்க இருவர் இசைவும் வேண்டும். நிரலுக்கு உரிய அறத்தை அப்படியே நட்பிற்கும் நீட்டியதே கட்டுரையின் அடிப்படைப் பிழை எனலாம்.

பொதுவில் உள்ள தகவலை மட்டுமே எடுப்போம் என்னும் வரையறை இக்குறையைத் தீர்க்காது. ஓர் ஆசிரியை ஒரு தளத்தில் தம் பெயரில் பள்ளிச் செய்திகளை எழுதுகிறார். மற்றொன்றில் புனைபெயரில் கவிதை எழுதுகிறார் என்று கொள்வோம். இரண்டும் பொதுவில் உள்ளவையே. இரண்டும் ஒருவரே எழுதியவை என்பது பொதுவில் உள்ளதன்று. ஒரே நண்பர்களைக் கொண்டு அதனைக் கண்டறிந்து இணைக்கும் பொறி, இருந்த செய்தியைத் திரட்டுவதாகக் கூறிக்கொண்டே இல்லாத செய்தி ஒன்றைப் பிறப்பிக்கிறது. புனைபெயரின் அருமையைத் தமிழ் எழுத்துலகிற்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வச்சம் வெறுங்கற்பனையன்று. 2010 பிப்ரவரியில் கூகுள் நிறுவனம் பஸ் என்னும் சமூகச் சேவையைத் தொடங்கியபோது, ஒருவர் மின்னஞ்சலில் யாரோடு மிகுதியாகத் தொடர்பு கொண்டாரோ அவர்களைத் தானாகவே இணைத்து, அவ்வரிசை பிறர் கண்ணிற்படவும் வைத்தது. நிருபர்க்குச் செய்தி தந்தவர், மருத்துவரை நாடியவர், பிரிந்த துணைவரிடமிருந்து விலகி வாழ்பவர் ஆகிய எல்லாரும் வெளிப்பட இடமாயிற்று. அமெரிக்க வணிக ஆணையம் தலையிட்டது, 2011-இல் உடன்பாடு ஏற்பட்டது, சேவையும் மூடப்பட்டது. தானாக இணைத்தல் தகாது என்று பிட்ஸ்பாட்ரிக் இரண்டரை ஆண்டுகட்கு முன்பே எச்சரித்திருந்தார். அவர் பணியாற்றிய நிறுவனமே அவ்வெச்சரிக்கையைக் கேளாதுவிட்டது.

2018-இல் வெளியான கேம்பிரிட்ஜ் அனாலிடிகா நிகழ்ச்சி இதனினும் பெரிது. முகநூலில் ஆளுமைத் தேர்வு என்னும் செயலி ஒன்றை ஏறத்தாழ 270,000 பேர் தம் இசைவோடு ஏற்றனர். அக்காலத்து விதிப்படி, அவர்தம் நண்பர்களின் தகவலையும் அச்செயலி எடுத்துக்கொள்ள முடிந்தது. பாதிக்கப்பட்டோர் 87 மில்லியன் வரை இருக்கலாம் என்று அந்நிறுவனமே பின்னர் அறிவித்தது. இசைந்தவர் ஒருவர், இழந்தவர் அவரைச் சூழ்ந்த பல நூற்றுவர். ஒரு முனையின் இசைவை இரு முனைக்கும் உரியதாகக் கொண்டால் விளைவது இதுவே.

நண்பர் என்னும் ஒரே சொல்லும் இக்குழப்பத்திற்குக் காரணம். லைவ்ஜர்னலில் ஒருவரை நண்பராகச் சேர்த்தல் என்பது, அவர் எழுத்தைப் படிக்க விரும்புவதையும், தம் மறைவான எழுத்தை அவர் படிக்க இசைவதையும் ஒருங்கே குறித்தது. டிரீம்விட்த் தளத்தார் அதனை இரண்டாகப் பிரித்தனர். பின்தொடர்தல் வேறு, இசைவளித்தல் வேறு என்று வகுத்தனர். சிறிய மாற்றம், ஆனால் நுட்பமானது. திருவள்ளுவர் நட்பின் தன்மையைக் கூற ஐந்து அதிகாரங்கள் வகுத்தார். அவற்றுள் ஒன்று நட்பை ஆராய்தல் பற்றியது, இரண்டு தகாத நட்புப் பற்றியவை. அத்துணை வேறுபாட்டையும் ஒரே கோடாக வரையும் படம் பொய்ப்படமே. நட்பில் வகையுண்டு என்று ஆசிரியர் ஓரிடத்தில் கூறுகிறார். ஆயினும் அவர் வரைய விழைந்த பெரும்படத்தில் அவ்வேறுபாட்டிற்கு இடம் எங்கே என்று காட்டவில்லை.

பின்வந்த வழிகள்

கட்டுரையின் திட்டம் என்னவாயிற்று? அதில் கூறிய வடிவில் இலாப நோக்கற்ற பொது அமைப்பு உருவாகவில்லை. 2008 பிப்ரவரியில், பொதுவில் உள்ள உறவுகளைத் தேடித் தரும் சேவை ஒன்றைக் கூகுள் நிறுவனமே தொடங்கியது. எந்த ஒரு நிறுவனமும் உடையவராதல் கூடாது என்னும் கருத்தின் குழந்தை ஒரு நிறுவனத்தின் மடியிலேயே வளர்ந்தது. 2012-இல் அந்நிறுவனம் அதனை நிறுத்தியது; அதனோடு அம்முயற்சி முடிந்தது. நிறுவனத்தின் ஆயுளோடு தொடர்பைக் கட்டாதீர் என்னும் பாடத்திற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா?

வேறு வழியும் ஒன்று வளர்ந்தது. ஜெர்மனியில் யூஜென் ரோச்கோ 2016-இல் தொடங்கிய மாஸ்டோடன், உறவுகளை ஓரிடத்தில் திரட்ட முயலவில்லை. வழங்கிகள் பல, உடையோர் பலர், ஒரு வழங்கியில் இருப்பவர் மற்றொன்றில் இருப்பவரைப் பின்தொடரலாம், மின்னஞ்சல் போல. இதற்கான பொது நெறிமுறையாகிய ஆக்டிவிட்டிபப் 2018 சனவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாயிற்று. ஒருவர் வழங்கி மாறினால், அவரைப் பின்தொடர்ந்தோர் புது முகவரிக்கு மாற்றப்படுவர். பழைய எழுத்துகள் பழைய இடத்திலேயே தங்கிவிடும். டிரீம்விட்த் கதையில் எழுத்து வந்தது, நண்பர் வரவில்லை. ஈண்டு நண்பர் வருகின்றனர், எழுத்து வரவில்லை. இவ்விரு வழியிலும் இரண்டும் ஒருங்கே வரவில்லை. வழங்கியை நடத்துவோர்க்குச் செலவுண்டு. வசைச்சொல்லை நீக்கும் ஓயாத பணியும் உண்டு. திறந்த மூலம் நிரலை இலவசமாகத் தரும்; இரவு விழித்திருக்கும் காவலரை இலவசமாகத் தராது.

வாயிற்காவலரின் அச்சமும் குறைந்திலது. டுவிட்டர் தளம் ஈலான் மஸ்க் கைக்கு மாறிய 2022-இல், மாஸ்டோடன் முதலிய தளங்களின் முகவரியை விளம்பரப்படுத்தும் கணக்குகளைத் தடுப்பதாக டிசம்பர் 18-ஆம் நாள் விதி ஒன்றை அறிவித்தது. கண்டனம் எழவே விரைவில் நீக்கிக்கொண்டது. வெளியேறுவோர் தம் புது முகவரியைக் கதவில் எழுதி ஒட்டுவதையும் தடுக்க முயன்றதாகும் இது.

கட்டுரை விடுத்த இடத்தைச் சட்டம் ஓரளவு நிரப்பியது. 2018 மே 25-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுக் காப்பு விதி, தன் இருபதாம் உறுப்பில், ஒருவர் தம் தரவை ஒரு நிறுவனத்திலிருந்து பெற்று மற்றொன்றிற்குக் கொண்டு செல்லும் உரிமையை அளித்தது. அவ்வுறுப்பின் நான்காம் பிரிவு, இவ்வுரிமை பிறருடைய உரிமைகளுக்கு ஊறு செய்தல் கூடாது என்று வரம்பிட்டது. கோட்டின் மறுமுனையில் ஒருவர் இருக்கிறார் என்பதை அவ்வொரு வரி நினைவூட்டுகிறது. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திற்கு 2024-இல் இயற்றப்பட்ட திருத்தமும் தரவைக் கொண்டுசெல்லும் உரிமையைச் சேர்த்துள்ளது. ஆசிரியர் குழுக்களும் சங்கங்களும் இதனை அறிந்து வைத்தல் நலம்.

எனினும் ஓர் இடர் எஞ்சுகிறது. கேம்பிரிட்ஜ் அனாலிடிகாவிற்குப் பிறகு, மக்களின் மறைவைக் காப்பதாகக் கூறியே பெருந்தளங்கள் தம் வாயில்களை மேலும் இறுக்கின. காவல் என்பதும் பூட்டு என்பதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும். திறவுகோல் உள்ளே இருப்பவரிடம் இருந்தால் அது காவல். வெளியே இருப்பவரிடம் இருந்தால் அது சிறை. இரண்டனையும் பிரித்தறியும் கண் பயன்படுத்துவோர்க்கு வேண்டும். அக்கண்ணைத் திறத்தல் பள்ளியின் கடமைகளுள் ஒன்றாகிவிட்டது.

மதிப்பீடு

நூலிற்கு வரும் குற்றங்கள் பத்து என்பர். அவற்றுள் ‘மாறுகொளக் கூறல்’ இக்கட்டுரைக்கு இல்லை. முன்னுக்குப் பின் முரணாமல் தொடக்கமுதல் இறுதிவரை ஒரே நோக்கில் செல்கிறது. ‘மிகைபடக் கூறல்’ இல்லை. வேண்டிய அளவே பேசுகிறது. ‘நின்று பயனின்மை’ இல்லவே இல்லை. எழுதி இத்தனை ஆண்டுகள் கழிந்தும் அது எழுப்பிய வினா உயிருடன் நிற்கிறது. அதற்குள்ள குற்றம் ‘குன்றக் கூறல்’. உறவு யாருக்கு உரியதன்று என்பதை நிறையக் கூறி, யாருக்கு உரியது என்பதைக் குறையக் கூறிவிட்டது. பொறியைப் பற்றிச் சிந்தித்த அளவு, பொறியின் இருபுறமும் அமர்ந்திருக்கும் இருவரைப் பற்றிச் சிந்திக்கவில்லை.

ஆக்குவோர்க்கு இது படிப்பினை. தமக்கு எளிதில் பகிரத்தக்கது நிரல். ஆகவே பிறவும் அவ்வாறே பகிரத்தக்கவை என்று தொழில்நுட்ப ஆர்வலர் எண்ணுவது இயல்பு. தச்சர்க்கு உலகமெல்லாம் மரமாகத் தோன்றலாம். ஆனால் வாழை மரத்தை இழைப்புளியால் இழைக்க இயலாது. பயன்படுத்துவோர்க்கும் இது படிப்பினை. சங்கமாயினும் குழுவாயினும், உறுப்பினர் பெயரையும் முகவரியையும் தம்மிடம் தனியே ஒரு படி வைத்தல் வேண்டும். அதனைப் புதியதோர் இடத்தில் ஏற்றுமுன் உறுப்பினரைக் கேட்டல் வேண்டும். முதலாவது செய்யாவிடின் பிரண்ட்ஸ்டரில் எழுத்தையும் தொடர்பையும் இழந்தோர் நிலை வரும். இரண்டாவது செய்யாவிடின், தனியார் பெருந்தளங்கள் செய்த தவற்றையே சிறிய அளவில் செய்தவராவோம்.

இவ்விரண்டையும் செய்வதற்குக் கணினிப் புலமை வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும், கேட்டுச் செய்யும் பண்பும் இருந்தால் போதும்.